நாலு ஊர் ஜோங்ஸி, ஒரே இண்டக்‌ஷன் அடுப்பு

வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடைசி ஜோங்ஸியின், அதாவது இலையில் மடித்து வேகவைத்த பசையரிசிப் பொட்டலத்தின், நூலை அறுத்துப் பிரித்தேன். முனை ஒழுகவில்லை. நடுவில் ஒரு அரிசி கூட நறுக்கென்று கடிபடவில்லை. இலையை உரித்தால் சோறு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று வாரமாகச் சொதப்பி, நாலாவது முறை தேறிய கதையை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஈவூ என்ற மொத்தச் சந்தை ஊரில் எனக்கு இது ஆறாவது வருஷம். பட்டன், ஜிப், பாசிமணி என்று சில்லறைச் சாமான் பார்த்து வாங்கி, கண்டெய்னர் ஏற்றி ஊருக்கு அனுப்புவது பிழைப்பு. துவான்வூ என்பது இங்கே சந்திரக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் வரும் திருநாள். டிராகன் படகுத் திருவிழா என்று வெளியே சொல்வது இதைத்தான். 2008 முதல் அரசு விடுமுறை. 2025இல் மே 31, சனிக்கிழமை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஜோங்ஸி இருக்கும். பசையரிசியை இலையில் மடித்து, நூலால் கட்டி வேகவைத்தது.

எல்லா வீட்டிலும் என்றேன். ஆனால் எந்த ஜோங்ஸி? மே முதல் வாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கேள்வியைத் தெரியாமல் கேட்டுவிட்டேன். வடக்கே ஷியான் பக்கத்திலிருந்து வந்த கணக்குப் பெண், இனிப்புதான் ஜோங்ஸி, கறி வைத்தால் அதற்கு வேறு பெயர் வையுங்கள் என்றாள். கிடங்கு பார்க்கிற அண்ணன் குவாங்டோங் மாகாணத்து ஜாவோச்சிங்காரர். பாசிப்பருப்பும் கொழுப்புக் கறியும் இல்லாதது வெறும் சோற்றுருண்டை என்றார். பக்கத்துப் பட்டன் கடைக்காரர் நிங்போ ஊர். அவர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, காரநீர், அதாவது அப்பளக்காரம் மாதிரியான காரம் கரைத்த தண்ணீர், போட்டு மஞ்சளாக வருமே, அதைச் சீனியில் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறீர்களா என்றார். என் வீட்டுக்கார அம்மா ஜியாஷிங்கில் பிறந்தவர். ஜியாஷிங் என்றால் சோயா சாஸில் ஊறிய பன்றிக்கறி ஜோங்ஸிக்கு நாடறிந்த ஊர். அவரை நான் ஆயி என்று கூப்பிடுவேன். சீனத்தில் அது சித்தி, அத்தை முறைக்கான பொதுச் சொல். நம்மூர்க் காதுக்கும் பழகிய சொல் என்பதால் முதல் நாளிலிருந்தே நாக்கில் ஒட்டிக்கொண்டது.

நாலையும் நானே செய்து நாலு பேருக்கும் கொடுக்கிறேன் என்று வாய் விட்டுவிட்டேன். மற்றதெல்லாம் அதன் பலன்.

முதல் முயற்சி, மே 10. ஆயி சொன்ன பக்குவத்தில் பன்றிக்கறி ஜோங்ஸி பத்து. கறியை நீளநீளமாக நறுக்கி, சோயா சாஸ், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு மூடி வெள்ளைச் சாராயம் விட்டு ராத்திரி முழுக்க ஊறப் போட்டேன். இந்த வகைக்கு அரிசியை மணிக்கணக்கில் ஊறவைக்கக் கூடாது. கழுவி, சல்லடையில் கால் மணி நேரம் வடியவிட்டு, அதிலும் சோயா சாஸ் கலந்து பிசற வேண்டும். அதுவரை சரி. வேகவைக்கும் இடத்தில் என் சொந்தப் புத்தி வேலை செய்தது. எனக்கு இலையில் மடித்தது என்றால் கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டைதான். அதை ஆவியில் வைப்போம். ஊரிலிருந்து கொண்டுவந்த இட்லிப் பானையில் வைத்து ஒரு மணி நேரம் ஆவி காட்டினேன்.

பிரித்தால் வெளிச்சுற்று பசை, அடுத்த சுற்று நெல் போல் விறைப்பு, நடுவில் கறி மட்டும் வெந்திருந்தது. ஆயி ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, தண்ணீரில் முக்கி அவிக்க வேண்டியதை ஏன் ஆவியில் வைத்தாய் என்றார். பட்டன் கடைக்காரர் எனக்காகப் பரிந்து பேசினார். தைவானில் வடக்கத்தி முறை ஆவிதானாம். ஆனால் அங்கே அரிசியை முதலிலேயே வதக்கி வேகவைத்துவிட்டு, அப்புறம்தான் இலையில் கட்டுவார்கள். அதே தைவானில் தெற்கே போனால் பச்சையாகக் கட்டித் தண்ணீரில் போட்டு அவிக்கிறார்கள். நான் தெற்கத்தி மாதிரி கட்டி, வடக்கத்தி மாதிரி வேகவைத்திருக்கிறேன்.

இரண்டாவது முயற்சி, மே 17. இது பெரிய கூத்து. 26 சென்டிமீட்டர் அகலப் பானை, எட்டு லிட்டர் பிடிக்கும். நாலு வகையும் தலா நாலு செய்து, அடுப்பு ஒன்றுதானே என்று மொத்தத்தையும் அதில் போட்டேன். மூன்று மணி நேரம். நடுவில் தண்ணீர் வற்றியது, குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். பலன் இது: நிங்போ ஜோங்ஸியின் காரம் பானைத் தண்ணீரில் இறங்கி எல்லாவற்றையும் மஞ்சளாக்கியது. ஜியாஷிங் ஜோங்ஸியின் சோயா சாஸ் கசிந்து, வெள்ளை வெளேரென்று வர வேண்டிய ஷியான் ஜோங்ஸிக்குத் தேமல் விழுந்தது. பாசிப்பருப்பு வேகவே இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றியதால் கறி ஜோங்ஸியின் ஒரு பக்கம் மறுபடி விறைத்துப்போனது. எது எந்த ஊர் என்று கண்டுபிடிக்க நூலின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. கணக்குப் பெண் ஒன்றைக் கடித்துவிட்டு ரொம்ப நாசூக்காக, இதில் எல்லா ஊரும் தெரிகிறது என்றாள்.

நிங்போ ஜோங்ஸி தனியாகவும் கெட்டிருந்தது. 500 கிராம் அரிசிக்குச் சமையல் காரப்பொடியைத் தேக்கரண்டியால் குத்துமதிப்பாகப் போட்டேன். பிறகு எடை போட்டுப் பார்த்தால் என் மூன்று தேக்கரண்டி 15 கிராம். வாயில் வைத்தால் சவர்க்காரம். நம்மூரில் அப்பளக்காரம் கூடிப்போன அப்பளத்தைப் பொரித்துத் தின்றவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். கடைசியில் சரியாக வந்தது 5 கிராமுக்கு. அதைக் கரைத்து, ஊறி வடிந்த அரிசியில் பிசறியதும் பத்து நிமிடத்தில் அரிசி வெளிர்மஞ்சளாகும். அந்த நிறம் வந்தால் போதும், மேலே போடக்கூடாது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவரும் சொன்னதைத் தனித்தனித் தாளில் எழுதினேன். எழுதும்போதுதான் புரிந்தது, நான் பூரணத்தை மட்டும் கேட்டுவிட்டு மற்றதெல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருக்கிறேன். ஊருக்கு ஊர் மாறுவது பூரணம் மட்டும் இல்லை. இலை வேறு, இறுக்கம் வேறு, அரிசி ஊறும் நேரம் வேறு, அடுப்பில் நிற்கும் நேரம் வேறு. ஒரு ஊரின் பூரணத்தை எடுத்தால் அந்த ஊரின் கட்டையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இலையிலிருந்து சொல்கிறேன். ஜியாஷிங்குக்கு ருவோ இலை, அகலமான ஒரு மூங்கிலிலை. காய்ந்த கட்டு, நூறு இலை 18 யுவான். (யுவானுக்கு அப்போது, 2025இல், ஏறக்குறைய 12 ரூபாய்.) ராத்திரி ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காம்புப் பக்கம் ஒன்றரை சென்டிமீட்டரை வெட்டி எறிய வேண்டும். இதை நான் முதலில் செய்யவில்லை. அந்தக் காம்புதான் பானைக்குள் பக்கத்துப் பொட்டலத்தைக் குத்திக் கிழித்தது. நிங்போக்காரர்கள் பச்சை இலையைத் தொடுவதில்லை, மஞ்சளாகிப் பழுத்த பழைய மூங்கிலிலைதான். வடக்கே நாணல் இலை. ஒல்லியாக இருப்பதால் மூன்று நாலைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து அடுக்க வேண்டும். ஜாவோச்சிங்குக்கு டோங் இலை. பார்ப்பதற்கு நம்மூர் மஞ்சள் இலை மாதிரி அகலமும் வழுவழுப்பும். ஈவூ கடைகளில் கிடைக்கவில்லை, தாவோபாவோ என்ற இணையக் கடையில் வரவழைத்தேன். முப்பது இலை, தபால் சேர்த்து 32 யுவான்.

மூன்றாவது முயற்சியான மே 24 முழுக்கக் கட்டுவதற்கே போயிற்று. இரண்டு இலையைப் பாதி மேலேற்றி, மினுமினுப்பான பக்கம் சோற்றைப் பார்க்க வைத்து, கூம்பாகச் சுருட்ட வேண்டும். கூம்பின் முனையை ஒரு சென்டிமீட்டர் மடக்கிக்கொண்டால்தான் ஓட்டை அடையும். பொட்டலக் கடலை மடிக்கிற கை எனக்கு உண்டு என்று இறுமாப்பாக இருந்தேன். கடலை ஒழுகாது. ஊறிய அரிசி ஒழுகும், மூன்று மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் இன்னும் ஒழுகும். ஒரு கரண்டி அரிசி, அதன்மேல் கறி, மேலே இன்னொரு கரண்டி. ஆயி கணக்குப்படி இரண்டு மெலிந்த துண்டுக்கு நடுவே ஒரு கொழுப்புத் துண்டு. வேகும்போது அந்தக் கொழுப்பு உருகி அரிசிக்குள் போய்விடும், பிரிக்கும்போது இருந்த இடமே தெரியாது. அப்புறம் மீதி இலையை மேலே மடித்து மூட வேண்டும். இங்கே இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். இடது கை பொட்டலத்தை விட்டால் எல்லாம் கொட்டும், வலது கை நூலைச் சுற்ற வேண்டும். நூலின் மறுமுனையை யார் பிடிப்பது?

பல்தான். ஆயி நூலின் ஒரு முனையைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்து, வலது கையால் ஏழு சுற்றுச் சுற்றி, கடைசியில் இரண்டு முனையையும் முறுக்கிச் செருகிவிடுகிறார். முடிச்சே கிடையாது. ஒரு பொட்டலத்துக்கு முப்பது வினாடி ஆகாது. நான் வீட்டில் தனியாகக் கட்டியபோது நூலை ஜன்னல் கம்பியில் கட்டி வைத்து வேலை பார்த்தேன். அதில் பிரச்சினை, கம்பிக்கு இறுக்கம் தெரியாது. பல்லுக்குத் தெரியும்.

இறுக்கம்தான் கடைசி வரை படுத்தியது. மெலிந்த கறி வெந்தால் சுருங்கும், அதனால் ஜியாஷிங் ஜோங்ஸியை இறுக்கிக் கட்டாவிட்டால் ருசி எல்லாம் தண்ணீருக்குப் போகிறது. நிங்போ ஜோங்ஸி நேர்மாறு. காரம் பட்ட அரிசி அதிகமாக உப்பும். முக்கால் பங்குதான் நிரப்பித் தளர்வாகக் கட்ட வேண்டும். அதையும் இறுக்கிக் கட்டினேன். எட்டில் ஐந்து வெடித்து, இலைப் பிளவு வழியாகச் சோறு நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

அதே நாளில் ஜாவோச்சிங் ஜோங்ஸிக்கு பிரஷர் குக்கர் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் 150 கிராம் அரிசி, 90 கிராம் தோல் நீக்கிய பாசிப்பருப்பு, 60 கிராம் கொழுப்புக் கறி. முக்கோணக் கோபுரம் போல் உட்கார்ந்திருக்கும், ஒன்று முந்நூறு கிராமுக்கு மேல் கனம். குக்கரில் ஒன்றரை மணி நேரத்தில் வெந்துவிட்டது. ஆனால் பருப்பு பருப்பாகவே நின்றது. அண்ணன் சுவைத்துவிட்டு, வெந்தது, ஆனால் கலக்கவில்லை என்றார். எட்டு மணி நேரம் அவித்தால் பருப்பு மாவாகி, கொழுப்பு அதில் கரைந்து, எங்கே பருப்பு முடிகிறது எங்கே கறி தொடங்குகிறது என்று தெரியக்கூடாதாம். ஜியாஷிங் ஜோங்ஸிக்கு மட்டும் குக்கர் ஒத்துக்கொண்டது, நாற்பது நிமிடம். ஆயியிடம் அதைச் சொல்லவில்லை.

கடைசி முயற்சிக்கு மே 30 அன்று அரை நாள் லீவு போட்டேன். பானை மூன்று: பெரிய பானையில் ஜாவோச்சிங், வாடகைக்கு வந்தபோதே வீட்டிலிருந்த பழைய பானையில் ஷியான், சின்னதில் நிங்போ. ஜியாஷிங் குக்கரில். இண்டக்‌ஷன் அடுப்பு என்னிடம் ஒன்று, ஆயியிடம் இரவல் ஒன்று. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் பொட்டலத்தை இறக்கினேன். மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க வேண்டும். மிதக்காமல் இருக்க ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் அம்மிக் குழவிக்குப் பதிலாக உப்பு ஜாடி. பக்கத்தில் கெட்டிலில் எப்போதும் கொதிநீர், வற்றினால் அதை மட்டும்தான் ஊற்ற வேண்டும். பெரிய பானை மதியம் இரண்டரைக்கு ஏறி ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கியது.

ஒன்பது மணி நேரம் சும்மா இருக்க முடியுமா. ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்காக இந்தத் திருநாள் என்று கேட்டால் அதிலும் ஊருக்கு ஒரு பதில். பள்ளிக்கூடப் பாடத்தில் ச்சூ யுவான், கி.மு. 278இல் மிலுவோ ஆற்றில் விழுந்து உயிர்விட்ட கவிஞர், அமைச்சர். ஆயிக்கு அது பாதிதான் சம்மதம். சூஜோ, ஜியாஷிங் பக்கத்தில் பழைய வூ நாட்டு அமைச்சர் வூ ஸிஷூதான் பெரிய ஆள். வூ நாட்டு மன்னன் அவரைத் தற்கொலை செய்துகொள்ள ஆணையிட்டு, உடலை ஆற்றில் வீசியது இந்த நாளில் என்பது அங்கத்திய கதை. ஷாவோஷிங் பக்கம் போனால் ஆற்றில் மூழ்கிய அப்பாவைத் தேடிக் குதித்த சாவ் அ என்ற பெண். அந்த ஆற்றுக்கே அவள் பெயர். எந்தக் கதையானாலும் ஒருவர் தண்ணீரில் போயிருக்கிறார்.

படகு என்றதும் அண்ணனுக்குக் குரல் ஏறிவிட்டது. குவாங்ஜோ பக்கத்துக் கிராமங்களில் டிராகன் படகை வருஷம் முழுக்க ஆற்றுச் சேற்றிலும் குளத்துச் சேற்றிலும் புதைத்து வைப்பார்கள். வெளியே வைத்தால் மரம் வெடித்துவிடும். சந்திரக் கணக்கில் நாலாம் மாதம் எட்டாம் நாள் வாக்கில் ஊரே இறங்கிச் சேற்றை அள்ளிப் படகைத் தோண்டி எடுக்கும். ஷியான்காரப் பெண்ணுக்குப் படகெல்லாம் தொலைக்காட்சியோடு சரி. அவளுக்கு இந்த நாள் என்றால் தாய்வீட்டுச் சீர். கட்டிக்கொடுத்த மகளுக்கு ஜோங்ஸி, விசிறி, வாசனைப் பை; குழந்தை பிறந்திருந்தால் பாம்பு, தேள், பூரான், பல்லி, தேரை என்று ஐந்து விஷப் பிராணிகளைத் தைத்த சிவப்பு மார்த்துணி. நிங்போவில் சீர் எதிர்த்திசையில் போகிறது. நிச்சயமான மாப்பிள்ளை வாத்தையும் மீனையும் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கு நடக்க வேண்டும். பட்டன் கடைக்காரர் தூக்கியிருக்கிறார். அவருடைய கூஸ் வாத்து வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதாம்.

பதினொரு மணி சுமாருக்கு அண்ணன் நெளிந்துகொண்டே ஒன்று சொன்னார். ஜாவோச்சிங்கில் இந்தப் பெரிய ஜோங்ஸி துவான்வூவுக்கு உண்டுதான், ஆனால் உண்மையில் அது வசந்த விழாவுக்கான, அதாவது சீன வருஷப் பிறப்புக்கான, பலகாரம். வருஷப் பிறப்புக்கு முன் ராத்திரி தெருவெல்லாம் பானை ஏற்றுவார்கள். ஒன்பது மணி நேரம் கழித்துச் சொல்கிறார்.

மறுநாள் காலை, திருநாள். சந்தை வாசலில் கட்டுக் கட்டாக இரண்டு செடி விற்றார்கள், ஜோடி 5 யுவான். ஒன்று மாசிப்பத்திரி இனம். இன்னொன்று வாள் மாதிரி நீண்ட இலை. கிள்ளி முகர்ந்ததும் நின்றுவிட்டேன். வசம்பு. நம்மூரில் கைக்குழந்தையின் மணிக்கட்டில் வளையலாகக் கட்டுகிற அதே பிள்ளைவளர்ப்பான், இங்கே விஷம் அண்டாமல் இருக்க வாசற்படியில் தொங்குகிறது. குழந்தைகளின் மணிக்கட்டில் ஐந்து நிற நூல். ஆயி வீட்டில் மதியம் ஐந்து மஞ்சள்: மஞ்சள் மீன், விலாங்கு, வெள்ளரி (சீனத்தில் அதன் பெயரில் மஞ்சள் உண்டு), உப்பு முட்டையின் மஞ்சள் கரு, ஐந்தாவதாக மஞ்சள் அரிசி மது. அந்த ஐந்தாவது இடம் முன்பு மனோசிலை கலந்த மதுவுக்கு உரியது. மனோசிலை ஆர்செனிக் கனிமம், அதை இப்போது குடிப்பதில்லை.

தீர்ப்பு நாலும் வந்தது. ஷியான் ஜோங்ஸிதான் என் கட்சி. பூரணமே கிடையாது, வெறும் பசையரிசி. பன்னிரண்டு மணி நேரம் ஊறி, மூன்று மணி நேரம் வெந்து, ராத்திரி முழுக்கக் குளிர்ந்தது. கத்தி பட்டால் ஒட்டிக்கொள்ளும். அவித்த முட்டையை அறுப்பது போல் தையல் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அறுக்க வேண்டும். கண்ணாடித் துண்டு மாதிரி மெல்லிய வில்லைகள் விழுகின்றன, மேலே தேன். கணக்குப் பெண் மூன்று வில்லை சாப்பிட்டுவிட்டு, தேன் குறைவு என்று மட்டும் சொன்னாள். நிங்போ எட்டில் ஒன்றுதான் வெடித்தது. ஆயி குக்கர் ஜோங்ஸியைச் சாப்பிட்டுவிட்டு, எத்தனை மணி நேரம் அவித்தாய் என்றார். நாலு என்றேன். தலையாட்டினார். நம்பினாரா தெரியாது.

செலவு, நாலு முயற்சிக்கும் சேர்த்து: பசையரிசி ஏழு கிலோ 56 யுவான், கறி 74, பருப்பு 15, இலை எல்லா வகையும் 96, நூல், தேன், காரப்பொடி 31. கடைசி நாள் மின்சாரம், யூனிட் 0.54 யுவான் கணக்கில் ஆறு யுவானுக்குள். மொத்தம் 280க்குக் கொஞ்சம் குறைவு. தேறியது 34 பொட்டலம். கடையில் வாங்கியிருந்தால் இதைவிடக் குறைவாக முடிந்திருக்கும், அதில் சந்தேகமில்லை.

அடுத்த முறை மாற்றப்போவது: காரப்பொடிக்கு 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு. நூல் வகைக்கு ஒரு நிறம் என்பதை விடமாட்டேன், இந்த முறை காப்பாற்றியது அதுதான். நாணல் இலைக்குப் பதில் ஷியான் ஜோங்ஸியையும் ருவோ இலையிலேயே கட்டினேன். வாசனை தூக்கலாக இருந்தது, அடுத்த முறை வடக்கிலிருந்து வரவழைக்க வேண்டும். ஜன்னல் கம்பி வேண்டாம். பல் பழக வேண்டும், முதல் நாள் உதடு அறுபட்டாலும் சரி.

டோங் இலையில் பதினாலு மீந்துவிட்டது. துடைத்து, பையில் கட்டி, ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். வசந்த விழாவுக்கு ஆகும் என்கிறார் அண்ணன். அடுத்தது 2026 பிப்ரவரி 17. அதுவரை ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை.